'எல்லாம் நார்மல்' என்றால் என்ன அர்த்தம்?

சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன். விடிகாலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு ரத்தம் எடுப்பது, மத்தியானத்துக்கு மேல் கவரில் போட்டு ரிப்போர்ட்டைக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. "எல்லாம் நார்மலா இருக்குங்க" என்று சொன்னால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். சிலருக்கு அப்படி இல்லை. கவரை வாங்கிக்கொண்டு அங்கேயே நிற்பார்கள். இன்னொரு தரம் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு வரியாவது தடித்த எழுத்தில் இருக்காதா என்று விரலை வைத்துத் தேடுவார்கள். கையில் இருக்கும் மஞ்சப் பைக்குள் ஏற்கெனவே ஐந்தாறு ஸ்கேன் கவர் துருத்திக்கொண்டிருக்கும்.

"அப்புறம் ஏனுங்க எனக்கு இப்படி இருக்குது?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர். அவர் முன்னால் அறுபது டோக்கன் காத்திருக்கும். "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன் ஆகாதீங்க, சத்தா சாப்பிடுங்க" என்பதோடு முடிந்துவிடும். அந்த 'ஒண்ணுமில்ல' வாசலைத் தாண்டியதும் இரண்டாகப் பிரியும். வீட்டில் இருப்பவர்கள், "இவ சும்மா சொல்றா" என்று எடுத்துக்கொள்வார்கள். நோயாளியோ, "இவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியல, கோயமுத்தூர் போயி பெரிய ஸ்கேன் எடுக்கணும்" என்று முடிவு கட்டுவார். என் கணக்கில் இரண்டு பேரும் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அம்மாபேட்டையில் இருக்கும் என் அக்காவும் அந்த மஞ்சப் பையோடு மூன்று வருடம் அலைந்தவள். கீழே வருவதில் பாதி நான் வேலையில் கற்றது, மீதி அவளைப் பார்த்துக் கற்றது. நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதப் போவதும் இல்லை.

## ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் இருக்கும் இரண்டு எண்

ரிப்போர்ட்டில் உங்கள் அளவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் 'இதிலிருந்து இதுவரை' என்று இரண்டு எண் போட்டிருக்கும். அதற்குக் குறிப்பு வரம்பு என்று பெயர். ஆரோக்கியமாக இருக்கும் நிறையப் பேருக்கு அதே சோதனையைச் செய்து, ரொம்பக் குறைவாக வந்தவர்களையும் ரொம்ப அதிகமாக வந்தவர்களையும் இரண்டு ஓரத்திலும் கழித்துவிட்டு, நடுவில் நிற்கும் 95 சதவீதம் பேரின் அளவை எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலான சோதனைகளுக்கு வரம்பு வந்த வழி இதுதான். ரெடிமேட் சட்டையில் 'மீடியம்' என்று போட்டிருப்பது மாதிரி. அது ஊரில் பலருக்குப் பொருந்தும் அளவு. உங்கள் தோளுக்குப் பொருந்துமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கணக்குப்படி, எந்தக் குறையும் இல்லாத 20 பேரில் ஒருவர் இந்த வரம்புக்கு வெளியேதான் விழுவார். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 சோதனைகளை ஒரே ஆரோக்கியமான ஆளுக்குச் செய்தால், அதில் ஏதாவது ஒன்று வரம்பைத் தாண்ட 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. பேக்கேஜில் 70, 80 சோதனை செய்துவிட்டு, நட்சத்திரக் குறி போட்ட ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பதறி வருபவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். சோறு போடும் தொழிலைப் பற்றி நானே இப்படி எழுதக் கூடாதுதான்.

மறுபக்கமும் இருக்கிறது. வரம்புக்குள் இருந்தும் உடம்பு படுத்தலாம். ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12.3 இருந்தால் ரத்தசோகை இல்லை என்றுதான் ரிப்போர்ட் போகும். ஆனால் உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதை ஃபெரிட்டின் என்ற இன்னொரு சோதனைதான் சொல்லும். அண்டாவில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போதும் குழாயில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரத்தானே செய்யும்? அந்த நிலையிலேயே சிலருக்கு அசதி வந்துவிடும். ஈசிஜியும் அப்படித்தான். அது பதிவதே 10 நொடி. படபடப்பு ராத்திரி வந்து போயிருந்தால், மறுநாள் காலையில் எடுத்த 10 நொடியில் எப்படி அகப்படும்? அதற்காகவே 24 மணி நேரம் நெஞ்சில் ஒட்டிவிடும் ஹோல்டர் கருவி இருக்கிறது.

ஸ்கேனில் குறை தெரிந்தாலும் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு முதுகுத் தட்டு தேய்ந்திருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். 'டிஸ்க் தேஞ்சிருக்கு' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கக் குனியாமல் இருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் படிக்கலாம்.

இதுவரை வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், ஒரு சோதனை தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. 'நார்மல்' என்பதற்கு 'நீ தேடச் சொன்னது இங்கே இல்லை' என்று அர்த்தம். கேட்காத கேள்வியைப் பற்றி அது வாயே திறக்காது.

## ஏற்காடு பஸ்ஸில் ஒரு கேள்வி

இப்போது பஸ் ஏறுவோம். அடிவாரம் தாண்டினால் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவதோ ஆறாவதோ தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் ஜன்னலோரம் இடம் கேட்பார். பக்கத்து சீட்டு அம்மா, "எலுமிச்சம்பழம் மோந்து பாரு கண்ணு" என்று மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அந்த நிமிடத்தில் அந்த ஆளின் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? புண் இல்லை, அடைப்பு இல்லை. ரத்தத்தில் கிருமி இல்லை. தலையை ஸ்கேன் செய்தாலும் சுத்தம். வாந்தி மட்டும் நிஜம்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, "நாம் சுழல்கிறோம்" என்று மூளைக்குச் சொல்கிறது. போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், "நாம் அசையவே இல்லை" என்கிறது. இரண்டு தகவலும் ஒத்துப்போகாமல் மூளை குழம்புவதன் விளைவுதான் குமட்டல். உறுப்பு எல்லாம் நன்றாக இருக்கிறது, பிரச்சினை அவற்றுக்கு நடுவில் நடக்கும் பேச்சில்.

டிரைவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை? அவர் கண் பாதையில் இருக்கிறது, வளைவு வரும் முன்பே ஸ்டியரிங்கைத் திருப்பப் போவது அவருக்குத் தெரியும். மூளை எதிர்பார்த்ததும் நடந்ததும் ஒன்றாக இருக்கிறது. என் சித்தி இதற்கு நேர் எதிர். பஸ் ஸ்டாண்டில் 'ஏற்காடு' போர்டைப் பார்த்து டீசல் வாடை பட்டாலே அவருக்கு வாயில் தண்ணீர் ஊறும். பஸ் இன்னும் கிளம்பியே இருக்காது. பழைய அனுபவத்தை வைத்து மூளை முன்கூட்டியே எச்சரிக்கை மணியை அடித்துவிடுகிறது.

பஸ் குமட்டல் நோயில்லை, நல்ல உடம்பிலும் வருவதுதான். ஆனால் இதே மாதிரி, உறுப்பின் அமைப்பில் பழுது இல்லாமல் அது வேலை செய்யும் விதத்தில் வருகிற தொடர் தொந்தரவுகள் இருக்கின்றன. அவற்றைச் செயல்பாட்டுக் கோளாறு என்கிறார்கள். சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடவைக்கும் ஐபிஎஸ் என்ற குடல் தொந்தரவு இதில் ஒன்று. குடல் மருத்துவர்கள் உலக அளவில் பயன்படுத்தும் ரோம் வகைப்பாடு 2016 முதல் இதைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான ஊடாட்டக் கோளாறு என்றே சொல்கிறது. ஒற்றைத் தலைவலிக்கும் ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும், நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதற்காக ஒற்றைத் தலைவலியைப் பொய் என்று யாராவது சொல்கிறோமா?

## ஊடை அறுந்தால் தறி நிற்கும்

அக்கா வீட்டில் நாலு விசைத்தறி. குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். துணியின் ஓரத்தில் முள்கரண்டி மாதிரி ஒரு சின்னக் கம்பி இருக்கும். ஊடையைச் சுமந்துகொண்டு நாடா போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் நூல் வந்து அதைத் தள்ளுகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். தள்ளவில்லை என்றால் அறுந்துவிட்டது என்று கணக்கு, உடனே தறி நிற்கும். நல்ல ஏற்பாடு. இது இல்லாவிட்டால் ஊடையே இல்லாமல், நீளவாக்கில் போகும் வெறும் பாவு நூலாக ஓடி வீணாகும்.

இந்தக் கம்பி கொஞ்சம் வளைந்துவிட்டது என்று வையுங்கள். நூல் நன்றாக இருக்கிறது. ஊடை நூல் சுற்றிய தார் தீரவில்லை. மோட்டாரிலும் குறையில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தறி நிற்கிறது. நூலை மாற்றிப் பார்த்தாலும் நிற்கும், மோட்டாரைக் கழற்றி மாட்டினாலும் நிற்கும். "தறி நிக்கவே இல்ல, உனக்குத்தான் அப்படித் தோணுது" என்று எந்தத் தறிக்காரரும் சொல்ல மாட்டார். கூலி போகிறதே.

உடம்பில் இந்தக் கம்பியின் வேலையைச் செய்வது தண்டுவடமும் மூளையும் சேர்ந்த மைய நரம்பு மண்டலம். காயம், காய்ச்சல், நீண்ட நாள் வலி, தொடர்ந்த தூக்கக் கேடு இப்படி எதற்குப் பிறகோ அது அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுவதுண்டு. லேசான தொடுதலும் வலியாகத் தெரியும், சாதாரணக் குடல் அசைவும் குத்தலாகத் தெரியும். இந்த நிலைக்கு மைய மிகையுணர்வு என்று பெயர். காயத்துக்குப் பிறகு தண்டுவடமே இப்படிக் கூர்மையாகிவிடுவதை கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1983-ல் சோதனையில் காட்டினார். எக்ஸ்ரேயிலோ ரத்தத்திலோ இது தெரியாது. நூலையும் மோட்டாரையும் சோதித்தால் கம்பி வளைந்தது தெரியுமா என்ன?

அக்காவுக்கு ஆரம்பம் சிக்குன்குனியா. 2006-ல் தமிழ்நாட்டையே முடக்கிப் போட்ட அதே காய்ச்சல்தான், அவளுக்குப் பல வருடம் கழித்து வந்தது. அது மூட்டை உண்மையாகவே தாக்கும், சிலருக்கு வீக்கம் மாதக்கணக்கில் நிற்கும். அவளுக்கு வீக்கம் நாலைந்து மாதத்தில் வடிந்துவிட்டது. வலி வடியவில்லை. விரல், மணிக்கட்டு என்று இருந்தது தோள், கழுத்து, இடுப்பு என்று பரவியது. தூக்கம் போனது, வயிறு உப்பியது. "கைகால் உளைச்சல் தாங்கல, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குது" என்பாள். அவள் ரத்தத்தை நானேதான் எடுத்தேன். உடம்பில் அழற்சி இருந்தால் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர், அதோடு தைராய்டு, பி12 எல்லாம் வரம்புக்குள். மூன்றாவது தடவையும் அப்படியே வந்தபோது, எனக்கே உள்ளுக்குள் ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவள் முகத்தைப் பார்த்து 'நார்மல்' என்று சொல்லும்போது என் குரலில் அது தெரிந்திருக்கும்.

## வலி எங்கே உருவாகிறது

சேலத்தில் குகை என்ற பகுதியில், ஆடிப் பண்டிகைக்கு அலங்கார வண்டிகள் வரும் வண்டி வேடிக்கை பார்க்கப் போனவர்களுக்கு இது புரியும். கூட்டத்தில் செருப்பைத் தொலைத்து, இடிபட்டு மிதிபட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் பாதத்தில் கண்ணாடி கிழித்திருப்பது தெரியும். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வலிக்கவே ஆரம்பிக்கும். அவ்வளவு நேரம் காயம் இருந்தது, வலி இல்லை.

இதற்குத் தலைகீழாகவும் நடக்கும். விபத்தில் கையை இழந்த ஒருவருக்கு, இல்லாத கையின் விரல்கள் இறுக மூடி வலிப்பது போலத் தெரியும். இல்லாத கைக்கு எக்ஸ்ரே எடுக்கவே முடியாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இதற்கு ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து வழி தேடினார். இருக்கும் கையைக் கண்ணாடி முன் விரித்து மூடச் சொன்னார். பிம்பத்தைப் பார்க்கும் மூளை, இல்லாத கையே விரிவதாக எடுத்துக்கொள்ள, சிலருக்கு அந்த இறுக்கம் தளர்ந்தது.

தசையிலும் மூட்டிலும் இருக்கும் நரம்பு நுனிகள் அனுப்புவது 'இங்கே ஆபத்து இருக்கலாம்' என்ற தகவலைத்தான். அது தண்டுவடத்தில் ஒரு வாசலைத் தாண்ட வேண்டும். அந்த வாசலை அகலத் திறக்கவும் ஒருக்களித்துச் சாத்தவும் மூளையால் முடியும். 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் முன்வைத்த இந்த வாசல் கோட்பாடு பிறகு பல திருத்தங்களைக் கண்டாலும், அடிப்படைச் செய்தி நிலைத்துவிட்டது. தூக்கமின்மை, பயம், தனிமை, வலியையே கவனித்துக்கொண்டிருப்பது எல்லாம் வாசலை அகலப்படுத்தும். நல்ல தூக்கம், அளவான அசைவு, 'இதனால் ஆபத்தில்லை' என்ற தெளிவு ஆகியவை சாத்த உதவும்.

இதுவரை: காயமும் வலியும் கூடவே பிறந்த இரட்டையர் கிடையாது. ஒன்று இல்லாமல் இன்னொன்று வரும். சோதனைகள் காயத்தைத் தேடுகின்றன. வலியை நேராக அளக்கும் ரத்தச் சோதனை எங்கள் லேபிலும் இல்லை, வேறெங்கும் இல்லை.

## அப்போ மனசுதானா?

இங்கே வந்ததும் எல்லோரும் தடுமாறுவார்கள். "மூளைன்னா, மனசுன்னுதானே சொல்ல வர்றீங்க?"

சேலத்து மாங்காய் ஒன்றை நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, தட்டில் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாயில் ஊறுகிறதா? நீங்கள் நடிக்கவில்லை. படித்தது நாலு சொல், சுரந்தது நிஜமான எச்சில். எண்ணத்துக்கும் சுரப்பிக்கும் நடுவில் நரம்பு ஓடுகிறது. 'மனசா உடம்பா' என்று கோடு போட்டுப் பிரிக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறதே ஒழிய உடம்புக்கு இல்லை.

இதில் ஒரு சுழற்சி உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் பிடிபடும். நெஞ்சில் ஒரு பிடிப்பு வருகிறது. 'ஹார்ட் அட்டாக்கோ' என்று பயம் தட்டுகிறது. பயத்தில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகிறது, தசை இறுகுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது. இறுகிய தசை இன்னும் வலிக்கிறது. 'பாத்தியா, ஜாஸ்தி ஆகுது' என்று பயம் கூடுகிறது. ராத்திரி 2 மணிக்கு போனை எடுத்து யூடியூபில் தேடினால் பயத்துக்குத் தீனி. தூக்கம் போய், மறுநாள் வலி இன்னும் சீக்கிரம் தட்டுகிறது. இதில் பயம் ஒரு கண்ணி மட்டும்தான். சங்கிலியை அது தொடங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அக்காவுக்குத் தொடங்கி வைத்தது ஒரு கொசு.

டாக்டர்கள் 'கவலைதான் காரணம்' என்று கைகழுவியதில் தவறிப்போன வரலாறும் இருக்கிறது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையையும் காரத்தையும் நெடுங்காலம் குறை சொன்னார்கள். ஒரு பாக்டீரியாதான் முக்கியக் காரணம் என்று பேரி மார்ஷல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார், அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு வந்தது. 'காரணம் தெரியவில்லை' என்று நேர்மையாகச் சொல்லும் டாக்டரை, 'ஒண்ணுமில்ல' என்று சொல்பவரைவிட நான் நம்புகிறேன்.

## நாள் எப்படி ஓடும்

அக்கா நடுவில் ஒரு இடத்தில் ஊசி போட்டுக்கொண்டாள். என்ன ஊசி என்று சொல்லவில்லை, சீட்டும் தரவில்லை. இரண்டு நாள் பறந்தாள், மூன்றாம் நாள் படுத்துவிட்டாள். பெயர் எழுதாத ஊசியும் பொட்டலத்தில் கட்டித் தரும் மாத்திரையும் ஸ்டீராய்டாக இருக்கலாம். வலி மாத்திரையைத் தினமும் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். மாதத்தில் 10, 15 நாள் என்று மாதக்கணக்கில் தலைவலி மாத்திரை போட்டால் மாத்திரையாலேயே தலைவலி வரலாம். இவ்வளவு போதும், இதில் மேலே சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியில் அவளுக்கு வாய்த்த டாக்டர் முதலில் செய்தது, மஞ்சப் பையைக் கொட்டி எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கியதுதான். "வலி நிஜம்மா. மூட்டு கெட்டுப் போகல. மணி அடிக்கிற இடம் ரொம்ப உஷாராயிடுச்சு. அதைத் தணிக்கலாம், நாளாகும்" என்றார். மாமா கூட உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஊடைக் கம்பி வளைஞ்சிருக்குதுன்னு சொல்றீங்க" என்றார். மேலே நான் எழுதிய உவமை அவருடையது. அன்றைக்குப் பிறகு அவர் 'சும்மா சொல்றா' என்று சொல்லி நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து அவள் சாப்பிட்ட மருந்துகளில் அதுவும் ஒன்று.

பிறகு வேலை. நல்ல நாள் வந்தால் அக்கா மூன்று நாள் வேலையைச் சேர்த்து இழுத்துப்போடுவாள். போர்வை துவைத்து, மாவு ஆட்டி, தார் சுற்றி, அத்தோடு நாலு தறியையும் பார்ப்பாள். அடுத்த இரண்டு நாள் கட்டிலை விட்டு எழ மாட்டாள். டாக்டர் சொன்னது இதற்கு நேர் மாறு. மோசமான நாளிலும் முடிகிற அளவு எதுவோ அதைக் கண்டுபிடி, நல்ல நாளிலும் அந்த அளவோடு நிறுத்து. இதை அளவறிந்து செய்தல் என்று வைத்துக்கொள்ளலாம். அவளுக்கு அது தறியில் 40 நிமிடம், பிறகு 15 நிமிடம் ஓய்வு. வலி வந்த பிறகு உட்காருவதில்லை, கடிகாரம் சொன்னால் உட்கார வேண்டும். நல்ல நாளில் எழுந்து நிறுத்துவதுதான் கஷ்டம். "நல்லாத்தானே இருக்குது, இன்னொரு கஜம் ஓட்டிட்டு வர்றேனே" என்பாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் ஐந்து நிமிடம் கூட்டினாள்.

இதில் ஒரு எச்சரிக்கை. சிலருக்குக் கொஞ்சம் உழைத்தாலே மறுநாளோ அதற்கு மறுநாளோ படுக்கையில் தள்ளிவிடும் அளவுக்குக் களைப்பு வரும், தூங்கி எழுந்தாலும் தீராது. கோவிட் மாதிரி தொற்றுகளுக்குப் பிறகும் இப்படி நேர்வதுண்டு. அவர்களுக்கு 'தினமும் கொஞ்சம் கூட்டு' என்ற யோசனை கெடுதல் செய்யும். சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் இந்த நாள்பட்ட களைப்பு நோய்க்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைக் கைவிடச் சொல்லிவிட்டது. இவர்கள் தங்கள் எல்லைக்குள்ளேயே இருந்துகொள்வதுதான் நல்லது.

மருந்தும் இருந்தது. ராத்திரி ஒரு அமிட்ரிப்டிலின், மிகக் குறைந்த அளவில். பையன் போனில் தேடி, "அம்மா, இது டிப்ரஷன் மாத்திரை" என்று சொல்ல, இரண்டாம் நாளே நிறுத்திவிட்டாள். மன அழுத்தத்துக்காக வந்த மருந்துதான் அது. ஆனால் குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும் பல வருடமாகப் பயன்படுகிறது, வலித் தகவலைக் குறைக்கும் நரம்புப் பாதைகளில் வேலை செய்கிறது. காலையில் மந்தமாக இருக்கும், வாய் வறளும், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். இதை எழுதிக்கொடுக்கும்போதே சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மனநல ஆலோசனைக்குப் போவதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பயம், வலி, பயம் என்று சுற்றுவதை எங்கே வெட்டுவது என்று பழக்கிக் கொடுக்கும் வகுப்பு அது. அரசு மருத்துவமனையிலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. பேச யாருமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

## எப்போது மறுபடி சோதிக்க வேண்டும்

'செயல்பாட்டுக் கோளாறு' என்று ஒரு தடவை பெயர் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு வருவது எல்லாம் அதுதான் என்று இருந்துவிடக் கூடாது. காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம் அல்லது தார் போல் கருப்பாகப் போவது, விடாத காய்ச்சல், நடந்தால் வந்து நின்றால் போகும் நெஞ்சு இறுக்கம், ஒரு பக்கக் கை கால் பலம் இழப்பது, வாய் குழறுவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் கடும் தலைவலி. இவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது, பழைய ரிப்போர்ட் எத்தனை நார்மலாக இருந்தாலும் சரி. வாய் குழறலோ, கை கால் பலம் இழப்போ, நெஞ்சு இறுக்கமோ வந்தால் நேரே 108.

மற்ற நேரத்தில், புதிய சோதனை எழுதிக்கொடுத்தால் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எதைத் தேடுதுங்க? இருந்தா என்ன செய்வீங்க, இல்லைன்னா என்ன செய்வீங்க?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தப் பணத்தில் ஒரு மாதம் பால் வாங்கலாம். முடிந்தவரை ஒரே டாக்டர், ஒரே ஃபைல். இடத்துக்கு ஒரு ஆள் என்று மாறினால் ஒவ்வொருவரும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள், அதே சோதனையை நானே திரும்பவும் செய்வேன்.

ஃபைலில் ரிப்போர்ட்டைவிடப் பயன்படும் தாள் ஒன்று உண்டு. அக்கா தினசரி காலண்டரில் கிழித்த தாளின் முதுகில் நாலு விஷயம் எழுதி வைப்பாள்: எத்தனை மணி நேரம் தூங்கினாள், தறி எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டாள், வலி பத்துக்கு எத்தனை. போன ஆடியில் ஒரு மாதத் தாள்களைக் குண்டூசி குத்தி எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் சீட்டுக்கட்டு போல ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஐந்து, ஆறு, நாலு, ஆறு, ஐந்து. பெரிய முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. பதினெட்டாம் பெருக்குத் தாளில் நின்றார். மேட்டூர் போய் வந்த நாள் அது. தூக்கம், தறி விடுமுறை, எலுமிச்சம் சாதம் எல்லாம் எழுதியிருந்தது. வலிக்கான இடம் மட்டும் காலி.

"இதுல ஏன்மா எழுதல?"

அக்கா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "தெரியலீங்க சார்," என்றாள். "அன்னைக்கு மறந்துட்டேன்."